தோன்றா எழுவாய்

பேசியவர் வைத்துவிட்ட பிறகும் லீதியாள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இடக்கையில் கைபேசி, வலக்கையில் ஊசி. ஊசியிலிருந்து மேலே போகும் குழாய், குழாயின் உச்சியில் தலைகீழாகத் தொங்கும் பை, இரண்டுக்கும் நடுவே சொட்டுகளுக்குக் காவல் நிற்கும் சிறு மிஷின். மருந்து ஏறத் தொடங்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. முழுதும் ஏறி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை இந்தச் சாய்நாற்காலியை விட்டு எழ இயலாது. முடிந்ததும் டாக்டர் பர்வீன் வருவார். திங்களன்று இடுப்பெலும்பில் துளையிட்டு எடுத்த மஜ்ஜையின் முடிவைச் சொல்வார். நாளையோடு மூன்றாம் சுற்று முடிகிறது, நான்காவதைத் தொடங்கலாமா, இத்துடன் நிறுத்திவிடலாமா என்று கேட்பார். அதற்கொரு விடையைத்தான் லீதியாள் திங்கள் முதல் தேடிக்கொண்டிருந்தாள். இப்பொழுது அந்த விடையை வேறு யாரோ தனக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டதாகத் தோன்றியது. கைபேசி அவளுடையதன்று, தம்பி எபனேசருடையது. மின்னேறட்டும் என்று அவளருகே செருகிவைத்துவிட்டு, இட்லி சாப்பிடவும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்துவைக்கவும் போயிருந்தான். மணி ஒலித்தது. எடுத்தாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் சொன்ன ‘ஹலோ’வைத் தம்பி மனைவியின் குரலென்று எடுத்துக்கொண்டு எதிர்முனை பேசத் தொடங்கிவிட்டது.

“சலோமி அம்மாவா? நான் கோயில்பிள்ளை தாசையா பேசுதேன். சார் இல்லியோ? சரி, வந்தாச் சொல்லிருங்கம்மா. டீச்சரம்மா அடக்கத்துக்கு இடம் பாக்கச் சொன்னாருல்லா, பாத்துட்டேன். அவங்க அப்பா பக்கத்துல வேப்பமரத்து வேரு ஓடிக் கெடக்கு, தோண்டுதது கஷ்டம். அவங்க பெரியம்மை பக்கத்துல தாராளமா இருக்கு, நெழலும் உண்டு. எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

“சரி” என்றாள் லீதியாள். வேறென்ன சொல்வது? ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் மனிதர் அவர். ‘டீச்சரம்மா நான்தான்’ என்றிருந்தால் அவருக்கு நெஞ்சடைத்திருக்கும். ஆகவே ‘சரி’. அதற்குப் பிறகு அந்த ‘அவசரம் ஒண்ணும் இல்ல’ மட்டும் காதுக்குள்ளேயே நின்றது. பல ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் இலக்கணம் நடத்திப் பழகிய மனம், அடிபட்ட இடத்தை விட்டுவிட்டு அடித்த சொல்லைப் பிரிக்கத் தொடங்கியது. டீச்சரம்மா அடக்கம்: ஆறாம் வேற்றுமைத் தொகை. டீச்சரம்மாவினது அடக்கம். ஆறாம் வேற்றுமை உடைமையைக் குறிக்கும். உடைமை இருவகை. கையும் காலும் போல உடையவரைவிட்டுப் பிரியாதது ஒன்று; வீடும் வயலும் போலப் பிரிக்கத் தக்கது மற்றொன்று. முன்னது தற்கிழமை, பின்னது பிறிதின்கிழமை. ஒருத்தியின் அடக்கம் இவற்றுள் எதில் சேரும்? எந்த மாணவியும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தேர்வுக்கு வராது, உட்கார் என்றிருப்பாள். இப்பொழுது உட்கார்ந்திருப்பவள் அவள்தான், தேர்வுக்கும் இதுவே வந்திருக்கிறது. இடம் பார்க்கச் சொன்னாராம். இடம் மூன்று என்றுதான் அவள் கற்பித்திருந்தாள். பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை, பேசப்படுகிறவர் படர்க்கை. தன் காதாலேயே தன்னைப் படர்க்கையில் கேட்டாயிற்று. இனித் தன்மைக்குத் திரும்பிவரும் வழி உண்டா? தம்பியை அழைத்துக் கேட்கலாம் என்றால் அவன் கைபேசி அவள் கையில் இருக்கிறது. எழுந்து போகலாம் என்றால் குழாய். பேசாமல் இருக்கலாம், இருப்பதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. வலக்கையில் ஊசி செருகிய இடத்திலிருந்து முழங்கை வரை குளிர் ஒரு நூலாக ஏறிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி உறங்கினார். சுவரிலிருந்த தொலைக்காட்சியில் ஒலியை அணைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்களன்றே தெரிந்திருக்கிறது. அதுதான் உண்மை. மஜ்ஜையை ஊசியில் இழுத்தபோது, குப்புறக் கிடந்த அவளுக்குப் பின்னால், “ம்” என்று டாக்டர் சொன்ன அந்த ஒற்றை எழுத்திலேயே முடிவு இருந்திருக்கிறது. பிறகு அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டாக்டர் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒலி கேட்கவில்லை. டாக்டர் புன்னகைத்துக்கொண்டே சொன்னார். மரணச் செய்தியைப் புன்னகையுடன் சொல்வதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படும் போலும். எபி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்பவன், தூசிக்கு இவ்வளவா துடைப்பான் என்று அப்போது நினைத்ததோடு சரி. அன்று வீடு திரும்பும் வழியில் அவன் வண்டியை வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினான். “அக்கா, உனக்கு எதுனாலும் எங்கிட்டச் சொல்லலாம்லா” என்றான். “எதைச் சொல்ல” என்றாள் அவள். “ஒண்ணுமில்ல, சும்மா” என்றான். சும்மா என்பதற்கு அகராதியில் எத்தனை பொருள். இப்போது அந்தக் கண்ணாடியும் வண்டியும் சும்மாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, புணர்ச்சி விதி தவறாமல் பொருந்திக்கொண்டன. பொருந்தாமல் துருத்தி நிற்கும் எழுத்து ஒன்றுமில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தும் எதையும் ஐயுறும் வழக்கம் அவளுக்கு இருந்ததில்லை.

எழுத்து கெடவில்லை என்றுதான் டாக்டர் பர்வீன் முதலில் சொன்னார். மழைக்கு முந்தைய ஒரு காலை. இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு வந்த வாரம். “உங்க ஜீன்ல எழுத்து எல்லாம் அப்படியே இருக்கு டீச்சர். சில எழுத்து மேல மட்டும் சின்னதா ஒரு குறி வந்து உக்காந்துக்குது. உக்காந்ததுக்கப்புறம் செல்லால அந்த ஜீனை வாசிக்க முடியல.” எந்த ஜீன் என்று அவள் கேட்டாள். “பல ஜீன் இருக்கு. முக்கியமானது, ‘போதும், இனிப் பெருகாத’ன்னு சொல்லுதது. அது வாயடைச்சுப் போனா செல்லுங்க நிக்காமப் பெருகும். அதுதான் உங்க நோய்.” லீதியாளுக்கு அக்கணமே விளங்கிவிட்டது. விளங்கியது அவளுக்கே அச்சமாக இருந்தது. எழுத்தின் தலைமேல் ஏறும் குறி வேறென்ன, புள்ளிதான். ககரத்தின் மேல் புள்ளி வைத்தால் எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கும், உள்ளிருந்த அகரம் மட்டும் போய்விடும். உயிர் நீங்கிய எழுத்துக்கு மெய் என்று பெயர். உயிர் நீங்கிய உடம்புக்கும் அதுவே பெயர். ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று எழுதுகிறவர் விட்டுவிடுவார், படிக்கிறவர் இருப்பதாக ஊகித்துக்கொள்வார். இவள் உடம்பிலோ யாரும் கேளாமலே எவரோ புள்ளியை வாரி இறைத்திருக்கிறார். “இதை சைலன்சிங்னு சொல்லுவோம். தமிழ்ல என்னன்னு சொல்லுதது, ஊமையாக்குததா” என்று டாக்டர் தடுமாறியபோது லீதியாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஊமை என்பது குறையைச் சொல்கிறது டாக்டர். இங்கே குறை இல்லையே, இருப்பது உள்ளே ஒடுங்கியிருக்கிறது. அடக்கம் என்று சொல்லுங்கள். மரபணு அடக்கம்.” டாக்டருக்கு முகம் மலர்ந்தது. “அடக்கம். நல்லாருக்கு டீச்சர். இனி எல்லார்ட்டயும் இப்படியே சொல்லுதேன்.” நோயாளியாக உள்ளே வந்தவள், ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு ஆசிரியையாக வெளியே போனாள். அன்று இரவு நன்றாக உறங்கியதுகூட நினைவிருக்கிறது.

மருந்தைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான் அவளுக்குள் இலக்கணமாகவே இறங்கியது. மருந்து ஒரு பொய்யெழுத்து. செல் தன்னைப் படியெடுக்கும்போது உண்மையான எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளி வைக்கும் நொதி வழக்கம்போல வரும், வைக்கப் பார்க்கும், பொய்யெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விடுபட முடியாது. வைப்பவன் அகப்பட்டுக்கொண்டால் அடுத்தடுத்த படிகளில் புள்ளி குறைந்துகொண்டே வரும். அடங்கிய ஜீன் மெல்ல வாய் திறக்கும். அறம் என்பது அறன் என்று வருவது போல, பந்தல் என்பது பந்தர் என்று வருவது போல, ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து. அதன் பெயர் போலி. முதல் சுற்றின்போது தம்பியிடம், “உள்ள ஏறுதது ஒரு போலிலே” என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். எபி மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே மருந்தகத்துக்குப் போய், போலி மருந்தை எங்கள் அக்காளுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று சண்டை பிடித்து, மேலாளரை வரவழைத்து, பெட்டியின் எண்ணைச் சரிபார்க்க வைத்துவிட்டுத்தான் வந்தான். “இலக்கணத்த ஆஸ்பத்திரிக்கு வெளிய வச்சிட்டு வரப்பிடாதா” என்று அன்று அவன் கேட்டதற்கு அவள் சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை. அகப்பட்டிருப்பது நொதியா, தானா? எழுத்தோடு ஒட்டிக்கொண்டு விடுபட இயலாமல், வாழ்நாள் முழுதும் மற்றவர் எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் வேறு யார்?

கதவைத் திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியதே, அது எந்த ஆண்டு? ஆலயத்தில், பாடகர் அங்கிகள் தொங்கும் மர அலமாரி. எட்டு வயதிருக்கும். ஒளிந்து விளையாடியபோது அதற்குள் போய் அங்கிகளுக்குப் பின்னால் நின்றாள். கற்பூர உருண்டை வாடையும் வெள்ளைத் துணியின் குளிர்ச்சியும். அந்நாளைய கோயில்பிள்ளை, தாசையாவின் அப்பா, கதவு திறந்திருப்பதைக் கண்டு சாத்திச் சாவியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இவள் தட்டப் போனபோது மணி அடித்தது, ஆராதனை தொடங்கிவிட்டது. ஆராதனையில் சத்தம் போடக் கூடாது. மரப்பலகை வழியே பாட்டும் வேதவாசிப்பும் பிரசங்கமும் தண்ணீருக்கடியில் கேட்பதுபோலக் கேட்டன. மூச்சு தன் முகத்திலேயே பட்டுத் திரும்பியது. இருட்டில் அங்கிகள் ஒவ்வொன்றும் தலையில்லாத ஆள்போல அவள்மேல் சாய்ந்தன. கடைசியில், எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபிக்கும் வேளையில், பள்ளிக்கூடம்கூடச் சேராத எபி நடுவழியில் நின்று, “அக்கா பீரோக்குள்ள இருக்கா” என்று உரக்கச் சொன்னான். அவள் உள்ளே போனதைப் பார்த்தவன் அவன் ஒருவனே. மௌன ஜெபத்தைக் கெடுத்ததற்காக அவனுக்கு முதுகில் இரண்டு அடி கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது பாராட்டு. பெரியம்மை அவளைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சுற்றியிருந்தவர்களிடம் சொன்னாள்: “பிள்ளைக்கி எவ்வளவு அடக்கம் பாத்தியளா. இவ்வளவு நேரமும் ஒரு சத்தம் போடலியே.” அன்று முதல் அது அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கல்லூரிப் பிரிவுபசாரத்தில்கூட, அடக்கமே உருவானவர் என்றுதான் முதல்வர் தொடங்கினார். ஆனால் உள்ளே நடந்ததை லீதியாள் எவரிடமும் சொன்னதில்லை. பிரசங்கத்தின் நடுவில் அவள் வாயைத் திறந்தாள். அம்மா என்று கத்தத்தான் திறந்தாள். சொல் இருந்தது, எழுத்து எல்லாம் வரிசையாக இருந்தன. குரல் வரவில்லை.

மிஷின் அலறியது. தான் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறாள் என்பது அதன் பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. குழாய் இழுபட்டு, ஊசியைச் சுற்றிய பிளாஸ்டரின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. எதிர் நாற்காலிப் பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். செவிலி பேச்சியம்மாள் விரைந்து வந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

“எங்க போறீங்க டீச்சர்? பாத்ரூமா?”

“இல்லை.”

“பின்ன? இப்பிடி எந்திச்சா மிஷினு என்னையல்லா வையும். அதுக்கு வாயி ரொம்ப நீளம், பாத்துக்கிடுங்க.” பேச்சியம்மாள் குழாயைச் சுண்டி, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். அலறல் நின்றது. “முகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. பயமா இருக்கா?”

“இல்லை” என்றாள் லீதியாள் மறுபடி. இரண்டு இல்லைகளுக்கும் ஒரே வடிவம். ஒன்று மெய், ஒன்று பொய். பேச்சியம்மாள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, போர்வையை இழுத்து விட்டுவிட்டுப் போனாள். அலறவாவது மிஷினுக்கு வாய் கொடுத்திருக்கிறார்கள். சரி. இனி எண்ண வேண்டியது ஒன்றுதான். டாக்டர் வந்ததும் என்ன சொல்வது? வீட்டார் இடம் பார்த்தாகிவிட்டது. நிழல் உண்டு. பெரியம்மை அருகில். உயிரோடிருந்தபோது, குனிந்து உட்கார், மெல்லப் பேசு என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் என்றென்றைக்கும் மெல்லப் படுத்திருக்கலாம். அதற்கு மேலும் எதற்கு இந்தக் குழாய், காய்ச்சல், வெந்நீரில் கழுவிய பழம், ஆள் வந்தால் மூடும் கதவு, இரத்தத் தட்டணு கொடுக்க ஆள் தேடி ஊரெல்லாம் தொலைபேசும் தம்பி? அவனும் எத்தனை நாள் கடையைப் பாதி திறந்து பாதி மூடுவான்? ‘போதும்’ என்றே சொல்லிவிடலாம். சொல்லின் எளிமை அவளுக்குப் பிடித்திருந்தது. போதும்: செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. தெளிவானது, பணிவானது, எவரையும் புண்படுத்தாதது. உள்ளேயிருக்கும் ஜீனும் இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது சொல்லாததை அவள் சொல்லிவிடலாம். ஆனால் வினைமுற்று வந்தால் எழுவாய் எங்கே என்று கேட்கும் பழக்கம் விடுவதாக இல்லை. எது போதும்? மருந்து போதுமா? தம்பி பட்டது போதுமா? வாழ்ந்தது போதுமா? எழுவாய் தோன்றாமல் இருக்கலாம், இல்லாமல் இருக்கக் கூடாது என்று எத்தனை வகுப்புகளில் கரும்பலகையைத் தட்டியிருப்பாள். ‘படித்தாய்’ என்றால் ‘நீ’ மறைந்திருக்கிறது. தோன்றா எழுவாய். ‘போதும்’ என்பதில் மறைந்திருப்பது எது? அவள் திரும்பத் திரும்ப அந்தச் சொல்லைத் தூக்கி அடியில் பார்த்தாள். கீழே ஒன்றும் இல்லை. தம்பி பார்த்த இடம் ஒன்றுதான் இருந்தது, வேப்பமர வேர் ஓடாத, நிழலுள்ள இடம்.

பை ஏறக்குறைய வற்றியபோது எபனேசர் வந்தான். வாயிலில் கைகளை மருந்து நீரால் தேய்த்துக்கொண்டே, “இட்லி கல்லு மாரி இருந்திச்சு, உனக்கு வாங்கலக்கா” என்றான். அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். லீதியாள் கைபேசியை நீட்டினாள்.

“கோயில்பிள்ளை பேசினார்.”

அவன் வாங்கவில்லை. அவள் கை அந்தரத்தில் நின்றது.

“அப்பா பக்கத்தில் வேர் ஓடிக் கிடக்கிறதாம். பெரியம்மை பக்கம் வசதியாம். அவசரம் ஒன்றும் இல்லையாம்.” அவள் எப்போதும் இப்படிப் பேசுகிறவளல்லள். தம்பியிடம் வீட்டுத் தமிழ்தான் வரும். இன்று வரி வரியாக, பாடப்புத்தகம்போல வந்தது. “டாக்டர் உன்னிடம் திங்களன்றே சொல்லிவிட்டாரில்லையா? என்னிடம் மறைக்க வேண்டியதில்லை.”

எபி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். “நான் மறைச்சனா? நல்லாருக்கே கதை. மறைச்சது நீயில்லாக்கா.”

“நானா?”

“பின்ன யாரு? டாக்டரம்மா சொல்லுதாங்க, ‘அடக்கத்தப் பத்தி உங்க அக்காவே எங்கிட்ட எவ்வளவு தெளிவாப் பேசினாங்க தெரியுமா, எனக்கே சொல்லிக் குடுத்தாங்க, தைரியமான மனுசி’ன்னு. சிரிச்சிட்டே சொல்லுதாங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. எங்கிட்டச் சொல்லாம டாக்டர்ட்டப் போயி அடக்கத்தப் பேசியிருக்கியேன்னு. வண்டியிலயும் கேட்டுப் பாத்தேன், நீ வாயத் தொறக்கல. சரி, அக்கா மனசுல அப்பா பக்கம்னு ஆசை இருக்கும், கடைசி நேரத்துல இடம் இல்லன்னு ஆயிரக் கூடாதுன்னுதான் தாசையாட்ட ஒரு வார்த்தை சொல்லிவச்சேன். சலோமிக்குக்கூட முழுசாத் தெரியாது.”

லீதியாள் அவனையே பார்த்தாள். தொலைக்காட்சிப் பெண் இப்போது எதையோ வாணலியில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். பல பொருள் ஒரு சொல். அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் முதல் வரிசை மாணவிகள் திங்கள், மாலை என்று ஒப்பிப்பார்கள். சொந்த ஊரில், சொந்தச் சபையில், ஞாயிறுதோறும் அறிவிப்பில், இன்ன நேரத்தில் அடக்க ஆராதனை என்று காது நிறையக் கேட்டு வளர்ந்த சொல். அதை அவள் கைகளாலேயே எடுத்து டாக்டருக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரே சொல்லை இரண்டு அலமாரிகளில் வைத்துப் பூட்டியிருந்தாள், ஒன்றைத் திறக்கும்போது மற்றது அங்கே இருப்பது தெரியவில்லை.

“அது அந்த அடக்கம் இல்லலே” என்றாள். வீட்டுத் தமிழ் திரும்பிவிட்டது. “ஜீன் வாயடைச்சுக் கெடக்குல்லா, அதுக்குப் பேரு. நான்தான் வச்சேன்.”

“எதுக்கு?”

“ஜீனுக்கு. செல்லுக்குள்ள இருக்கது.”

எபி கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டினான். பிறகு, “ஊரு உலகத்துல ஒனக்கு வேற வார்த்தையே ஆப்புடலியாக்கா” என்றான். குரல் உடைந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை போலும். “போனதடவ போலின்ன, மருந்துக்கடையில சண்டைக்குப் போனேன். இப்ப அடக்கம்னு சொல்லுத, கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்திருக்கேன். பாவம், தாசையா முள்ளெல்லாம் வெட்டிப் போட்டிருக்காரு.”

லீதியாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அச்சம் போன இடத்தில் விடுதலை வந்து உட்காரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நாற்காலி அப்படியே இருந்தது, ஊசியும் குழாயும் அப்படியே இருந்தன. முன்பு எவரோ அவளுக்காக முடிவு செய்திருந்தார்கள், அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தாள். இப்போது அந்தச் சாய்மானத்தையும் எடுத்துவிட்டார்கள். திங்களன்று டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. இடம் பார்த்தவனுக்கும் ஒன்றும் தெரியாது. ‘போதும்’ என்று சொன்னால் அது இனி அவள் ஒருத்தியின் சொல்தான். அலமாரிக்குள் அங்கிகள் ஒவ்வொன்றாக மறுபடி அவள்மேல் சாய்ந்தன.

பை வற்றி, மிஷின் இம்முறை முறையாகக் கூவியது. பேச்சியம்மாள் வந்து ஊசியை உருவிப் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தபோதே டாக்டர் பர்வீன் வந்துவிட்டார். முக்காலியிலிருந்து எழுந்த எபி உட்காரச் சொன்னான், அவர் உட்காரவில்லை.

“ரிசல்ட் வந்திருச்சு டீச்சர். கெட்ட செல்லு முன்னைக்கு இப்பக் கொறைஞ்சிருக்கு. போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், கொறைஞ்சிருக்கு. அடக்கம் எங்கயோ கொஞ்சம் விலகியிருக்கு போல.” அடக்கம் என்ற சொல்லில் எபி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. “இந்த மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். நாலு, அஞ்சு சுத்துக்கப்புறம்கூடத் திரும்புனவங்க இருக்காங்க, திரும்பாதவங்களும் இருக்காங்க. ஒங்க ஒடம்பு படுத பாடும் எனக்குத் தெரியும். அதனால நான் வற்புறுத்த மாட்டேன். இந்தச் சுத்தோட போதும்னு நெனைக்கீங்களா?”

நாக்கின் மேல் ‘போதும்’ ஆயத்தமாக இருந்தது. பணிவாக, தெளிவாக, எவரையும் புண்படுத்தாமல். பிரசங்கம் நடக்கிறது, சத்தம் போடக் கூடாது. லீதியாள் முகக்கவசத்தைக் கீழே இழுத்தாள். செய்யக் கூடாததுதான். பேச்சியம்மாள் “டீச்சர்” என்று தடுக்க வந்தாள். எபி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“போதாது” என்றாள்.

எதிர்பார்த்ததைவிட உரக்க வந்துவிட்டது. உறங்கிக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். டாக்டர் புருவத்தை உயர்த்தி, மெல்லச் சிரித்து, “எது டீச்சர், எது போதாது? மருந்தா?” என்று கேட்டார். எது? ஒன்றன்பால் எதிர்மறை வினைமுற்று. ஏதோ ஒன்று, அது மட்டும் தெரிகிறது. எழுவாய் இல்லாமல் ஒரு வாக்கியத்தை எந்த மாணவி எழுதியிருந்தாலும் சிவப்பு மையால் சுழித்திருப்பாள். அவள் விடையைத் திருத்தவில்லை. முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்த விரல்களுக்கடியில் இரத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.